நனையாத அரிசி

சூளை பிரிக்கிற நாட்களில் பாஞ்சாலி யாரோடும் பேச மாட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்கள். திமிர் இல்லை. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிப்போயிருக்கும். பேச வேண்டுமென்றால் முதலில் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும். அது வலிக்கும்.

மண்ணூரிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போகிற வண்டிப் பாதையில் இருந்தது நாங்கள் வேலை செய்த செங்கல் சூளை. எழுபத்தைந்தாம் வருஷம். அந்தக் கோடையில் ஏரியே வெடித்துக் கிடந்தது. ஏரிக்குள்ளிருந்து வண்டி வண்டியாக மண் வந்தது. ஆண்கள் மண்ணை மிதித்துக் குழைத்து அச்சில் கல் அறுப்பார்கள். காய்ந்த கல்லைச் சூளைக்குச் சுமப்பதும், வெந்த கல்லைப் பிரித்து லாரிக்குச் சுமப்பதும் பெண்கள் வேலை. பிரிப்பதுதான் கொடுமை. மேலே தொட்டால் ஆறியிருக்கும். நாலு வரிசை எடுத்தால் உள்ளே அனல் முகத்தில் அடிக்கும். சிவப்புத் தூள் மூக்கிலும் வாயிலும் போய் அப்பிக்கொள்ளும்.

மேஸ்திரி கொட்டகையில் ஒரு பானைத் தண்ணீர் இருந்தது. ஆண்கள் குடித்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க ஒரு மறைவு இல்லை; சுற்றியிருந்த வேலிகாத்தான் புதரையெல்லாம் வெட்டிச் சூளையில் போட்டு எரித்தாகிவிட்டது. லாரிக்காரர்கள் வேறு வண்டி மேல் உட்கார்ந்துகொண்டு நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் பாஞ்சாலி விடிந்ததும் ஒரு விள்ளல் புகையிலையைக் கீழுதட்டுக்குள் அடக்கிக்கொள்வாள். பசிக்கும் அதுதான், தாகத்துக்கும் அதுதான். இருட்டியதும் வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே ஊற்றிக்கொள்வாள். ஊற்றிய தண்ணீர் வாயில் நிற்காமல் வயிற்றுக்குப் போய்விடும். வாய் மறுபடியும் காய்ந்துவிடும்.

சூளைச் சனம் பல் தேய்ப்பது கல்தூளில். முற்ற வெந்து சிவந்த கல்லை இடித்து, துணியில் சலித்து, கொட்டாங்குச்சியில் வைத்துக்கொள்வார்கள். நன்றாக வெளுக்கும் என்பார்கள். பாஞ்சாலிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கீழ்வரிசையில் முன்பல் போய்விட்டது. மீதிப் பல்லெல்லாம் பாதியாகத் தேய்ந்திருந்தன. முறுக்கு, பொரி, அப்பளம் எதுவும் அவளால் மெல்ல முடியாது. கூழ்தான். கருவாட்டை நன்றாகக் குழம்பில் ஊறவைத்து உறிஞ்சுவாள். உறைப்புப் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அவர்கள் குடிசைக்கும் எங்கள் குடிசைக்கும் நடுவில் ஒரு கீற்றுத் தட்டிதான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பாஞ்சாலியும் அவள் புருஷன் கண்ணப்பனும், மகள் கங்காவும் அங்கே இருந்தார்கள். கங்காவுக்கு மண்ணூரில் ஒரு பையனைப் பேசி, வைகாசியில் கல்யாணம் என்று இருந்தது.

மாசி மாதம் வாயில் புண் வந்து ஆறாமல் கிடந்தபோது கண்ணப்பன் அவளை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருந்துக் கடைக்கு அழைத்துப் போனான். கடையில் உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் லூர்துராஜ்தான் எங்களுக்கெல்லாம் டாக்டர். அவர் சொன்னதை அன்று சாயங்காலம் பாஞ்சாலி என் அம்மா சந்திரம்மாளிடம் நடித்துக் காட்டினாள்.

"வாயத் தொறன்றான்க்கா. தொறந்துதான் கீறேன்னா, இன்னா இது, சூளை வாயி மாதிரி கீதுன்றான்."

"அடப் பாவி!"

"எத்த போட்டு பல்லு வெளக்குறன்னான். கல்லுத் தூளுன்னேன். சட்டி வெளக்குறத்துல பல்ல வெளக்கினா பல்லு நிக்குமான்னான். பொயல எப்பத்துலர்ந்துன்னான். வயசுக்கு வந்ததுலர்ந்துன்னேன். தண்ணி குடிக்கிறியான்னான். நான் இன்னா சொல்றது? இவுரு சொல்றாரு, பொம்பளைங்க அங்க குடிக்க மாட்டாங்க சார்னு."

"அதுக்கு?"

"ஏன்னு கேக்கறான்." பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எச்சி ஊறலன்னா சோறு எறங்காது, புண்ணு ஆறாது, பல்லு நிக்காதும்மா. வாய்க்கு அதான் தண்ணி, அதான் மருந்துன்றான். பொயலய வுடு, கல்லுத்தூள வுடு, அப்பப்ப ஒரு வாய் தண்ணி குடி, வெயில்ல நிக்காத, நெருப்புக்கிட்ட போவாத. அல்லாத்தையும் வுடச் சொல்றான்க்கா. அப்பால நான் இன்னாத்த வச்சிகினு பொயைக்கிறது?"

அம்மாவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சித்திரையில் அடுத்த சூளை அடுக்கி முடிந்தது. மூட்டுகிற அன்று முதலாளி கோதண்டராமன் வீட்டிலிருந்து அவர் மனைவி சுந்தராம்பாள் வருவாள். சூளை வாய்க்கு எதிரே பொங்கல் வைத்து, கற்பூரம் காட்டி, வேலை செய்கிற எல்லாருக்கும் தன் கையாலேயே பூவரச இலையில் பொங்கல் அள்ளி வைப்பாள். கையில் நெய்யும் வெல்லமும் ஒட்டும் என்று அன்று மோதிரத்தைக் கழற்றிப் பக்கத்தில் அடுக்கியிருந்த, இன்னும் வேகாத பச்சைக்கல் மேல் வைத்தாள். சிவப்புக்கல் மோதிரம். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கை கழுவித் திரும்பியபோது அது இல்லை.

பாஞ்சாலி பொங்கலைத் தின்னவில்லை. அது மேலண்ணத்தில் போய்ச் சேறு மாதிரி அப்பிக்கொள்ளும். தன் இலையைக் கங்காவிடம் கொடுத்துவிட்டு, கல் அடுக்குக்குப் பக்கத்தில் நிழலில் குந்தியிருந்தாள். அதை நாலு பேர் பார்த்திருந்தார்கள்.

மண்ணைச் சலித்துத் தேடினார்கள். இலைகளைப் புரட்டினார்கள். நல்ல நேரம் போகிறது என்று முதலாளி சூளையை மூட்டச் சொல்லிவிட்டார். விறகு தள்ளி நெருப்பு பிடித்ததும் வழக்கம்போல் பச்சைக்கல்லை வைத்து வாயை அடைத்து மண் பூசினார்கள். பிறகு முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார்.

"போலீசுக்குப் போனா அவன் வந்து அல்லாரையும்தான் அடிப்பான். நான் அத செய்யல. எடுத்தவங்க வச்சிடுங்க."

மேஸ்திரிதான் சொன்னார், "மண்ணூர் பூசாரி எல்லப்பன இட்டாந்து அரிசி போட்டுட்லாம் மொதலாளி."

திருட்டுப் போனால் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பூசாரி மந்திரித்த பச்சரிசியை ஆளுக்கு ஒரு பிடி கொடுப்பார். மென்று இலையில் துப்ப வேண்டும். திருடாதவன் அரிசி மாவாகக் குழைந்து வரும். திருடினவன் வாய் பயத்தில் காய்ந்துவிடும். அரிசி நனையாமல் வரும். இல்லாவிட்டால் ரத்தம் வரும்.

போலீஸ் இல்லை என்றதும் எல்லாருக்கும் மூச்சு வந்தது. கண்ணப்பன் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று கத்தினான்.

"போடுங்க மொதலாளி! மடியில கனமில்ல, வழியில பயமில்ல. எங்க வூட்லர்ந்துதான் மொத ஆளு!"

பாஞ்சாலி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"ஒன்ன எவன்யா கேட்டான்?"

"இன்னாடி இப்ப? நாம்ப எடுத்தமா?"

"எடுக்கல. ஒரு பிடி பொரி என்னால துன்ன முடியுதா? பச்சரிசிய மென்னு துப்புன்னா எங்கர்ந்து துப்புவேன்?"

கண்ணப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அது தெரியாததில்லை. ஊசியில் கோக்கிற நூல் நுனியை நனைக்கக்கூட அவள் வாயில் எச்சில் இல்லை என்று அவனே கிண்டல் செய்வான். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

"சாமிக்குத் தெரியாதா பாஞ்சால, யாரு எடுத்தது எடுக்காததுன்னு?"

"சாமிக்குத் தெரியும்யா. என் வாய்க்குத் தெரியுமா?"

செவ்வாய்க்கிழமை காலை என்று எல்லப்பன் சொல்லி அனுப்பினார். அதுவரைக்கும் வெற்றிலை, புகையிலை, கள் எதுவும் ஆகாது. அன்றைக்குப் பல் விளக்கி வாய் கொப்பளித்ததோடு சரி, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

கண்ணப்பன் அவள் புகையிலையைப் பையிலிருந்து கொட்டி அடுப்பில் போட்டான். வெறும் பையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். புகையிலை அடக்கியிருந்தால் அந்தக் காரத்துக்காவது கொஞ்சம் ஊறும். அதுவும் இல்லாமல் வாய் இன்னும் காய்ந்தது. உதட்டோரம் வெடித்தது. அம்மா தட்டியைத் தாண்டிப் போய்ப் புளி கொடுத்தாள், எலுமிச்சம்பழம் கொடுத்தாள், எங்கிருந்தோ ரெண்டு நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். புளி புண்ணில் பட்டதும் பாஞ்சாலி துடித்துப்போனாள்.

"ஊறுதாடி?"

"ஊறுதுக்கா. கண்ல." அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கிற தண்ணி அல்லாம் கண்ணுக்கே பூட்ச்சி போல."

சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். கங்கா ஒரு பிடி அரிசி கொடுப்பாள். பாஞ்சாலி மெல்லுவாள். அரைபடுகிற சத்தம் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்கும், மணலை மிதிக்கிற மாதிரி. பிறகு உள்ளங்கையில் துப்புவாள். நொய்யும் தூளுமாக விழும்.

"தோ, இந்த வாட்டி கொஞ்சம் ஈரமா கீதும்மா," என்பாள் கங்கா.

"எங்க? காட்டு."

கங்கா காட்ட மாட்டாள். கையை மூடிக்கொள்வாள்.

அம்மா ஒரு யோசனை சொன்னாள். "ஈரத்துணி ஒண்ண சுருட்டி கன்னத்துல அடக்கிக்கடி. மெல்லும்போது கடி. யாருக்குத் தெரியப்போவுது?"

"வாணாம்க்கா. திருடாத வாய்க்கு எதுக்குத் திருட்டுத்தனம்? அம்மன் பாத்துகினு இருப்பா. அப்பால அதுக்கே எதுனா ஆயிடும், கங்கா கல்யாணம் வேற கீது."

திங்கட்கிழமை கண்ணப்பன் வேலைக்குப் போகாமல் ஸ்ரீபெரும்புதூருக்கு நடந்தான். கம்பவுண்டர் வந்து முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவன் நினைத்தான். பொழுது சாயும்போது திரும்பி வந்தான்.

"இன்னா சொன்னாரு நைனா?" கங்கா கேட்டாள்.

"சிரிச்சாரு."

"அப்பறம்?"

"மந்திர அரிசிக்கு எதுருல வந்து நான் சாட்சி சொல்றதா, அந்த எல்லப்பன் வூட்டம்மாக்கே நான்தான்யா ஊசி போடறேன், என் பொயப்புல மண்ணு போடாதன்னாரு. ராவோட ராவா எங்கனா போயிடுங்கன்னாரு. போனா நாங்கதான்னு ஆயிடும் சார்னேன். அதுவும் சரிதான்னாரு." கண்ணப்பன் துண்டை உதறினான். "பொயலய நிறுத்திட்டாளான்னு கேட்டாரு. நிறுத்திட்டா சார்னேன். நல்லதுன்னாரு."

பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதடு பிளந்து எரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் எல்லாருக்கும் முன்னால் எழுந்தாள். சாமி காரியம், வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்று புதிதாக ஒரு கல்லை இடித்து, ரெண்டு முறை சலித்து, நிறையத் தூள் எடுத்துத் தேய்த்தாள். பல், ஈறு, நாக்கு எல்லாம் தேய்த்தாள். அவ்வளவு நேரம் அவள் பல் விளக்கி நான் பார்த்ததில்லை. கொப்பளித்த தண்ணீர் சிவப்பாகப் போனது. கல்தூளின் சிவப்பு என்றுதான் அவளும் நினைத்திருப்பாள்.

கல் காயவைக்கிற களத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். எல்லப்பன் முறத்தில் மஞ்சள் தடவிய பச்சரிசி வைத்திருந்தார். மேலே கற்பூரம் எரிந்தது. முதலாளி நாற்காலியில் இருந்தார். சுந்தராம்பாள் அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மோதிர விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சொன்னபடி கண்ணப்பன்தான் முதல் ஆள். அவன் துப்பியது குழைந்து விழுந்தது. "பாத்தியா," என்று அவனுக்கே சொல்லிக்கொண்டான். அடுத்தவன் அரிசியை வாங்கிக்கொண்டு, "கூட ஒரு கருவாடு குடு சாமி," என்றான். மேஸ்திரி அதட்டினார். சிரிப்பு அடங்கியது. அம்மா துப்பினாள். நான் துப்பினேன். என் இலையில் விழுந்தது கூழ் மாதிரி இருந்தது. கங்கா துப்பினாள்.

பாஞ்சாலி அரிசியைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். களத்தில் அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. துப்பச் சொல்லி எல்லப்பன் கையைத் தட்டினார். அவள் கன்னத்தைக் குவித்தாள், நாக்கால் திரட்டப் பார்த்தாள். திரளவில்லை. தூள் தொண்டையில் போய் இருமல் வந்தது. வெள்ளைத் தூள் பறந்து பூசாரி வேட்டியில் விழுந்தது. மீதியை விரலை விட்டு வழித்து இலையில் போட்டாள். உலர்ந்த நொய். அதில் நூல் நூலாக ரத்தம்.

எல்லப்பன் இலையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"அன்னிக்கிப் பொங்கல்கூட துன்னாம அங்கயேதான் குந்திகினு இருந்தா," என்றது பின்னால் ஒரு குரல்.

கண்ணப்பன் எழுந்து ஓடி வந்தான். "மொதலாளி, அவளுக்கு எப்பவுமே அப்டித்தான் மொதலாளி! வாய் நோவு அது! யார வேணா கேளுங்க!"

"அன்னிக்கி மொத ஆளா அரிசி போடச் சொன்னது யாருய்யா?" என்றார் முதலாளி. குரலை உயர்த்தவே இல்லை. "எச்சி ஊறாத ஜனம் ஒண்ணு கீதா ஒலகத்துல?"

கங்கா அழுதுகொண்டே சொன்னாள். "மோதரம் வச்ச கல்லு அடுக்குலர்ந்துதான் மொதலாளி சூளை வாய அடச்சாங்க. உள்ள பூட்டிருக்கும். பிரிக்கும்போது பாக்கலாம் மொதலாளி."

"அப்ப அரிசி பொய்யா?"

முதலாளி எல்லப்பன் கையிலிருந்த இலையைக் காட்டிக் கேட்டார்.

சுந்தராம்பாள் முன்னால் வந்தாள். அவள் நல்லவள்தான், எனக்குப் பழைய பாவாடைகள் கொடுத்திருக்கிறாள். "பாஞ்சாலி, என் மாமியா போட்ட மோதரம் அது. குடுத்துடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்க பாட்டுக்கு இங்கயே வேல செய்யலாம்."

"வெள்ளிக்கிழம வரைக்கும் டைமு," என்றார் முதலாளி. "குடுத்தா இருங்க. இல்லன்னா காலி பண்ணிகினு போங்க."

பாஞ்சாலி என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு பிரியவில்லை. அவள் பேசாமல் நின்றதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. புதன்கிழமை மண்ணூரிலிருந்து பையனின் மாமா வந்து, கயிற்றுக் கட்டிலில்கூட உட்காராமல், "வைகாசியில நாள் சரியில்லன்றாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். கங்கா அதன் பிறகு அழவில்லை. அடுப்பையும் பற்றவைக்கவில்லை.

என் அம்மா அன்று சாயங்காலம் கீற்றுத் தட்டியில் விலகியிருந்த ஓலைகளை இழுத்துக் கட்டினாள்.

"கூழ் கொண்டு போய்க் குடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வாணாம்."

"அவங்க எடுக்கலம்மா. ஒனக்குத்தான் தெரியுமே அவங்க வாயி."

அம்மா முடிச்சை இறுக்கினாள். "வாய் நோவு தெரியும்டி. ரத்தம் எங்கர்ந்து வந்துது? ஆத்தா சும்மா காட்டுவாளா? அந்தப் பக்கம் போவாத."

புளியும் நெல்லிக்காயும் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்.

வியாழக்கிழமை பொழுது போகும்போது அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. அம்மா கட்டிய கட்டு பேச்சை மறைக்கவில்லை.

"பாஞ்சால."

"உம்."

"நான் ஒண்ணு கேப்பேன். கோச்சிக்காத."

பாய் சரசரத்தது.

"அன்னிக்கி அங்கதான குந்திகினு இருந்த. தெரியாம, கையில பட்டு, எங்கனா முடிஞ்சி வச்சிட்டு மறந்துட்டியா? இருந்தா குடுத்துட்லாம். அந்தம்மா ஒண்ணும் கேக்க மாட்டேன்னுதான சொன்னாங்க. நம்ம புள்ள கல்யாணமாவது..."

நாக்கு அண்ணத்திலிருந்து பிரிகிற சிறிய சத்தம்.

"நீயாய்யா?"

"வறட்சி எப்பவும் கீறதுதான். நான் இல்லன்னு சொல்லல. ரத்தம் வந்துச்சே பாஞ்சால."

"பல்லு வெளக்கினேன்யா. சாமிக்குன்னு நல்லா வெளக்கினேன்."

"சரி வுடு. கேட்டேன், அவ்ளோதான்."

அவன் எழுந்து வெளியே போனான். வெளியே சூளை எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்து, ஆறி, பிரிக்க இன்னும் நாளிருந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போது தட்டிக்கு அந்தப் பக்கம் எதையோ உதறுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். ஓலை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மூட்டை கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணப்பனும் கங்காவும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். பாஞ்சாலி மட்டும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். தன் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். முந்தானை முடிச்சுகளை அவிழ்த்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள். அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு அளைந்தாள். வெறும் புகையிலைப் பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தையலோரமெல்லாம் தடவினாள்.

கடைசியில் பல் தேய்க்கிற கொட்டாங்குச்சியை எடுத்தாள். கல்தூளைத் தரையில் கொட்டி, விரலால் மெல்லப் பரப்பிப் பார்த்தாள். மோதிரம் இல்லை. எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கொட்டாங்குச்சியில் போட்டாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடியும் கொட்டிப் பார்த்தாள்.